லிமிடெட் - ஒரு சொல்லின் கதை

மதிய நேரத்தில் எந்த ஓட்டலுக்குப் போனாலும் கல்லாவுக்குப் பின்னால் இரண்டு விலை எழுதியிருக்கும். 'லிமிடெட் மீல்ஸ்' ஒரு விலை, 'அன்லிமிடெட் மீல்ஸ்' ஒரு விலை. தமிழில் அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு. மாதக் கடைசியில் நானும் என் வகுப்பு நண்பர்களும் லிமிடெட் பார்ட்டிதான். அதை யாரும் பெருமையாக வெளியே சொல்லிக்கொள்வதில்லை. :-)

ஆனால் அதே சொல் எதிர்ச்சாரியில் இருக்கும் கம்பெனி போர்டில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்தால் கதையே வேறு. "பையன் லிமிடெட் கம்பெனியில வேலை பார்க்கிறான்" என்று பெண் வீட்டில் சொன்னால் கிடைக்கிற மரியாதை தனி. சாப்பாட்டில் 'குறைச்சல்' என்று பொருள் தரும் சொல், போர்டில் ஏறியதும் எப்படி 'பெரிய இடம்' என்று ஆனது?

இரண்டாம் வருடம் கம்பெனிச் சட்டம் படிக்கும்போதுதான் இந்தச் சந்தேகம் வந்தது. வகுப்பில் கேட்டேன். "பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று பதில் வந்தது. சரி, பரீட்சைக்கு வராததைத்தானே நிம்மதியாகப் படிக்க முடியும்!

உண்மையில் இந்தச் சந்தேகத்துக்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. என் தாத்தா தமிழாசிரியராக இருந்து 1994-ல் ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதியை எங்கள் ஊர்க் கடைத்தெருவில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டார். வங்கி கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு வட்டி. இரண்டு வருடம் ஒழுங்காக வந்தது. பிறகு ஒருநாள் ஷட்டர் இறங்கியிருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்த விஷயம் இது. ஆனாலும் தீபாவளி, பொங்கல் என்று குடும்பம் கூடும்போதெல்லாம் பாட்டி வாயிலிருந்து ஒரு தடவையாவது வந்துவிடும்.

"எப்படித் தாத்தா நம்பிப் போட்டீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். அவர் சொன்ன பதில் இது. "லிமிடெட்னு போர்டு போட்டிருந்தாங்கப்பா. வரம்புக்கு உட்பட்டவங்கன்னு அர்த்தம். கவர்ன்மென்ட் ஒரு வரம்பு போட்டுக் கொடுத்திருக்கு, அதை மீற மாட்டாங்கன்னு நினைச்சேன்."

ஒரு தமிழாசிரியர் செய்யக்கூடிய மிக நேர்மையான மொழிபெயர்ப்பு. சொல்லுக்குச் சொல் சரி. பொருள்தான் தலைகீழ். அந்த வரம்பு யாருக்கு, எதற்கு என்பதைத் தேடிப் போனபோது கிடைத்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் சொல்லின் பூர்வீகம். ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொல். மூலம் 'லீமெஸ்'. இரண்டு வயல்களுக்கு நடுவே இருக்கும் எல்லைப் பாதை என்று அதற்குப் பொருள். அதாவது நம்ம ஊர் வரப்பு! ரோமானியர்கள் வயல் வரப்புக்குச் சொன்ன சொல்லையே பிறகு தங்கள் சாம்ராஜ்யத்தின் எல்லைக்கும் சொன்னார்கள். தமிழிலும் வரப்பு என்பதற்கு இன்னொரு வடிவம் வரம்பு. வயலில் இருக்கும்போது மண் மேடு, மனிதனிடம் இருக்கும்போது கட்டுப்பாடு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மொழிகள், இரண்டும் 'எல்லை' என்ற கருத்தை வயலில் இருந்தே எடுத்திருக்கின்றன. தாத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பணம் போன சோகம் ஐந்து நிமிடம் மறந்து போனது.

பெயருரிச்சொல்லாக ஆங்கிலத்தில் இதன் ஆரம்ப கால வேலை சாதாரணமானதுதான். எல்லைக்கு உட்பட்டது, குறுகியது, அளவானது. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை நடந்த காலத்தில், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மன்னராட்சியை 'லிமிடெட் மோனார்க்கி' என்றார்கள். தாத்தா நினைத்த பொருள் இங்கே சரியாகப் பொருந்தும். 'மீற மாட்டார்' என்பதுதான் கருத்து. பிற்காலத்தில் புத்தகத்துக்கு 'லிமிடெட் எடிஷன்', சில இடங்களில் மட்டும் நிற்கும் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் 'லிமிடெட்' என்று வந்தன. சென்னைக்காரர்களுக்கு எல்.எஸ்.எஸ். பஸ் தெரியும், அந்த முதல் எழுத்து இதுதான். கிரிக்கெட்டில் 'லிமிடெட் ஓவர்ஸ்'. இங்கிலாந்தில் 1963-ல் தொடங்கிய ஜில்லெட் கோப்பையில் ஒரு அணிக்கு 65 ஓவர். அதையே அன்றைக்கு 'லிமிடெட்' என்றார்கள், இன்றைக்கு 20 ஓவரே நமக்கு நீளமாகத் தெரிகிறது. இவை எல்லாவற்றிலும் அந்த உரிச்சொல் எதைக் கட்டுப்படுத்துகிறது என்பது பக்கத்திலேயே இருக்கும். லிமிடெட் ஓவர்ஸ் என்றால் ஓவர்களுக்கு வரம்பு. லிமிடெட் மீல்ஸ் என்றால் சோற்றுக்கு வரம்பு.

கம்பெனிப் பெயரில் மட்டும் அப்படி இல்லை. ஒரு பெயர் வரும், அப்புறம் 'லிமிடெட்' வரும், அவ்வளவுதான். எது லிமிடெட்? அது காணோம். இலக்கணப்படி பார்த்தால் தான் தழுவ வேண்டிய பெயர்ச்சொல்லைத் தொலைத்துவிட்டு நிற்கும் ஒரு அநாதை உரிச்சொல். தொலைந்துபோன அந்தப் பெயர்ச்சொல் 'லையபிலிட்டி', அதாவது பொறுப்பு. கம்பெனி கடனில் மூழ்கினால், பங்கு வாங்கியவர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதே முழு வாக்கியம். வரம்பு பங்குதாரரின் பொறுப்புக்கு. கம்பெனியின் நடத்தைக்கு அல்ல.

இது ஏன் தேவைப்பட்டது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இங்கிலாந்தில் 1720-ல் தென்கடல் கம்பெனியின் பங்கு விலை வானத்துக்கு ஏறி, அதே வேகத்தில் கீழே விழுந்தது. அதே வருடம் வந்த 'பபிள் ஆக்ட்' சட்டப்படி, மன்னரின் சாசனமோ பாராளுமன்றத்தின் தனிச் சட்டமோ இல்லாமல் யாரும் கம்பெனி மாதிரி நடந்துகொள்ளக் கூடாது. அந்தச் சட்டம் 1825-ல்தான் நீக்கப்பட்டது. இடைப்பட்ட நூறு வருடத்தில் வியாபாரம் செய்ய நினைத்தவர்கள் பெரும்பாலும் கூட்டாண்மையாகத்தான் சேர்ந்தார்கள். கூட்டாண்மையில் சட்டம் மிகவும் கறார். கடனை அடைக்க முடியவில்லை என்றால் கூட்டாளியின் வீடு, நிலம், கைக்கடிகாரம் வரை போகும். கடைசி ஷில்லிங், கடைசி ஏக்கர் வரை பொறுப்பு என்பார்கள். இந்தக் காலத்தில் வந்த ரயில்வேக்கும் கால்வாய்க்கும் ஆயிரக்கணக்கானவர்களின் பணம் தேவைப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பாராளுமன்றத்தில் தனிச் சட்டம் வாங்க வேண்டியிருந்தது. 1844-ல் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டம், பதிவு செய்தாலே கம்பெனி ஆகலாம் என்று கதவைத் திறந்தது. ஆனால் பொறுப்புக்கு வரம்பு கொடுக்கவில்லை. பத்து பவுண்டு பங்கு வாங்கியவனும் மொத்தக் கடனுக்கும் மாட்டிக்கொள்வான்.

வரம்பு கொடுக்கலாமா கூடாதா என்று பெரிய சண்டை நடந்தது. கொடுக்க வேண்டும் என்றவர்களில் ஜான் ஸ்டூவர்ட் மில் ஒருவர். சேமிப்பு வைத்திருக்கும் சாதாரண ஆளும் தொழிலில் பங்கெடுக்க வழி வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வாதம். எதிர்ப்பக்கத்தில் மக்கல்லக் போன்ற பொருளியல் அறிஞர்கள். லாபம் வந்தால் எனக்கு, நஷ்டம் வந்தால் கடன் கொடுத்தவனுக்கு என்பது என்ன நியாயம் என்று கேட்டார்கள். (நியாயமான கேள்விதான். இன்றுவரை முழுப் பதில் இல்லை என்பது என் கருத்து.) 1853-ல் அமைக்கப்பட்ட அரச விசாரணைக் குழுவில் பெரும்பான்மையினர் 'வேண்டாம்' பக்கம்தான் சாய்ந்தார்கள்.

அந்தக் குழுவில் 'வேண்டும்' என்று சொன்ன சிறுபான்மையில் ஜார்ஜ் பிராம்வெல் என்ற வக்கீல் இருந்தார். பின்னாளில் நீதிபதி, பிறகு பிரபு. இவர்தான் நம் கதாநாயகன். எதிர்ப்பவர்களின் பயம் எல்லாம், கடன் கொடுப்பவன் ஏமாந்துவிடுவான் என்பதுதானே? அப்படியென்றால் ஏமாற முடியாதபடி முன்கூட்டியே சொல்லிவிடுவோம். கம்பெனியின் பெயரிலேயே 'லிமிடெட்' என்று கடைசியில் எழுத வைத்துவிடுவோம். பார்ப்பவன் தெரிந்துகொள்ளட்டும், பிறகு கடன் கொடுப்பதும் கொடுக்காததும் அவன் இஷ்டம். இதுதான் பிராம்வெல்லின் யோசனை. இந்த ஒரு சொல்லைக் கண்டுபிடித்ததில் அவருக்கு ரொம்பப் பெருமை. தன் கல்லறையில் இதைப் பொறிக்க வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்வாராம்.

இன்னொரு தடவை யோசித்துப் பாருங்கள். 'லிமிடெட்' என்பது பட்டம் இல்லை, எச்சரிக்கை! மின்கம்பத்தில் மண்டை ஓடு படம் போட்டு 'அபாயம்' என்று எழுதுகிறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. 'இங்கே கொடுக்கும் கடனுக்கு முதலாளியின் வீட்டைப் பிடிக்க முடியாது, ஜாக்கிரதை' என்பதன் சுருக்கம்.

1855 ஆகஸ்டில் லிமிடெட் லையபிலிட்டி சட்டம் நிறைவேறியது. நிபந்தனைகள் நிறைய. குறைந்தது 25 பங்குதாரர்கள் வேண்டும், ஒரு பங்கு 10 பவுண்டுக்குக் குறையக் கூடாது, முதலிலேயே அதில் ஐந்தில் ஒரு பங்கு கட்டியிருக்க வேண்டும். அடுத்த வருடமே ராபர்ட் லோ கொண்டுவந்த புதிய சட்டம் இவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றது. ஆனால் ஒன்றை மட்டும் அது விட்டுக்கொடுக்கவில்லை: பெயரின் கடைசிச் சொல். அலுவலக வாசலில், முத்திரையில், கடிதத்தில், பில்லில், எல்லா இடத்திலும் பெயர் முழுதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். அந்தச் சொல் இல்லாத உண்டியலில் கையெழுத்துப் போட்ட இயக்குநர், தன் சொந்தப் பணத்தில் அந்தக் கடனைக் கட்ட வேண்டி வரலாம். ஒரு உரிச்சொல்லை எழுத மறந்தால் வீடு போகும்!

இனிமேல் நாணயமான வியாபாரிகள் யாரும் இந்தச் சொல்லைத் தொட மாட்டார்கள், திருடர்கள் மட்டும்தான் போட்டுக்கொள்வார்கள் என்று பலர் நினைத்தார்கள். வங்கிகளுக்கு முதலில் இந்தச் சலுகையே கிடையாது. 1858-ல் கொடுத்த பிறகும் பல பழைய வங்கிகள் வேண்டாம் என்றன. எங்கள் பங்குதாரர்கள் கடைசிக் காசு வரை பொறுப்பு, எனவே உங்கள் டெபாசிட் பத்திரம் என்பதுதான் அவர்களின் விளம்பரம். அன்றைக்கு 'அன்லிமிடெட்'தான் கௌரவம், ஓட்டல் மாதிரியே.

அது எப்படித் தலைகீழாகத் திரும்பியது? லண்டனில் 'ஓவரெண்ட் கர்னி' என்ற பெரிய நிதி நிறுவனம் 1865-ல் லிமிடெட் ஆனது, 1866 மே மாதம் விழுந்தது. அதன் பங்கு 50 பவுண்டு, கட்டியிருந்தது 15 பவுண்டு மட்டும். மீதி 'அழைக்கப்படாத மூலதனம்'. (நம்ம பாடத்தில் வரும் 'கால்ஸ்' கணக்கு இதுதான். பரீட்சையில் ஐந்து மதிப்பெண், அங்கே பலருக்கு வாழ்க்கை.) லிமிடெட் என்று நம்பி வாங்கியவர்களிடம் மீதிப் பணத்துக்கு அழைப்பு வந்தபோதுதான் வரம்பு 15-ல் இல்லை, 50-ல் இருக்கிறது என்று புரிந்தது. அந்தச் சம்பவம் லிமிடெட்டின் பெயரைக் கெடுத்தது.

ஆனால் உண்மையான அதிர்ச்சி வந்தது எதிர்த்திசையில் இருந்து. சிட்டி ஆஃப் கிளாஸ்கோ பேங்க். ஸ்காட்லாந்து முழுக்கக் கிளைகள். பெயரில் லிமிடெட் கிடையாது. பங்குதாரர்களின் பொறுப்புக்கு எல்லையே இல்லை. இயக்குநர்கள் வருடக்கணக்கில் பொய்யான இருப்புநிலைக் குறிப்பு தயாரித்து, தங்களுக்கு வேண்டியவர்களுக்குக் கடனை அள்ளிக் கொடுத்து வந்தார்கள். 1878 அக்டோபர் 2-ஆம் தேதி கதவு திறக்கவில்லை. துண்டு விழுந்தது ஐம்பது லட்சம் பவுண்டுக்கும் மேல்.

யார் கட்டுவது? பங்குதாரர்கள் 1,819 பேர். முதலில் ஒவ்வொரு 100 பவுண்டு பங்குக்கும் 500 பவுண்டு கட்டு என்று அழைப்பு வந்தது. பலர் அதிலேயே திவால். அவர்கள் கட்டாததையும் மீதிப்பேர்தானே சுமக்க வேண்டும்? அதனால் இரண்டாவது அழைப்பு, 100 பவுண்டுக்கு 2,250 பவுண்டு. நூறு ரூபாய் முதலீடு செய்தவனிடம் இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய் கேட்டால் எப்படி இருக்கும்! கடைசியில் திவாலாகாமல் மிஞ்சியவர்கள் 254 பேர்தான். கணவர் விட்டுப்போன பங்கை வைத்துக் காலம் ஓட்டிய விதவைகள், கல்யாணமாகாத பெண்கள், பாதிரியார்கள் என்று தெருவுக்கு வந்தவர்கள் ஏராளம். இன்னும் கொடுமை, தன் பணமே இல்லாமல் இன்னொரு குடும்பத்துக் குழந்தைகளுக்காக டிரஸ்டியாக இருந்து தன் பெயரில் பங்கை வைத்திருந்தவர்களும் சொந்தச் சொத்தை இழந்தார்கள். நீதிமன்றம் 'பதிவேட்டில் உன் பெயர்தானே இருக்கிறது?' என்று கேட்டுவிட்டது. இயக்குநர்களுக்குக் கிடைத்த அதிகபட்ச தண்டனை 18 மாதம் சிறை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தாத்தா போட்டதை மட்டும்தான் இழந்தார். இவர்கள் போடாததையும் இழந்திருக்கிறார்கள்.

அடுத்த வருடமே, 1879-ல், பழைய வங்கிகள் எளிதாக லிமிடெட் ஆவதற்கு வசதியாகச் சட்டம் வந்தது. சில வருடங்களில் அநேகமாக எல்லா வங்கிகளும் அந்தச் சொல்லைப் போர்டில் சேர்த்துக்கொண்டன. நேற்று வரை திருடன் அடையாளம், இன்று பெரிய வங்கியின் அடையாளம். பெரிய வங்கி வைத்திருப்பதைச் சின்னக் கடையும் வைத்துக்கொள்ள ஆசைப்படும் அல்லவா? 1893-ல் கில்பர்ட் - சல்லிவன் ஜோடி லண்டனில் மேடையேற்றிய 'உட்டோபியா, லிமிடெட்' என்ற இசை நாடகத்தில், ஒரு தீவு ராஜ்யமே லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்யப்படுகிறது. அந்த அளவுக்கு மோகம்.

அதே காலத்தில்தான் வணிகவியல் மாணவர்கள் கனவிலும் மறக்க முடியாத சாலமன் வழக்கு. ஏரன் சாலமன், கிழக்கு லண்டனில் பூட்ஸ் தைத்து விற்றவர். 1892-ல் தன் வியாபாரத்தை 'ஏ. சாலமன் அண்ட் கம்பெனி, லிமிடெட்' என்று மாற்றினார். ஏழு பேர் வேண்டும் என்பதற்காக மனைவி, மகள், நான்கு மகன்கள், ஆளுக்கு ஒரு பங்கு. மீதி இருபதாயிரத்துச் சொச்சம் பங்கும் அவருக்கே. போதாக்குறைக்கு விலையில் ஒரு பகுதிக்கு 10,000 பவுண்டு கடன் பத்திரமும் தனக்கே எழுதிக்கொண்டார். கம்பெனி ஒரே வருடத்தில் நொடித்தது. சரக்கு கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கீழ்நீதிமன்றங்கள் 'இது நாடகம்' என்றன. 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை ஒருமனதாக, கம்பெனி வேறு சாலமன் வேறு என்று சொல்லிவிட்டது.

நாம் வகுப்பில் இதோடு நிறுத்திவிடுவோம். தீர்ப்பில் மெக்நாட்டன் பிரபு சொன்ன இன்னொரு விஷயம் பாடப் புத்தகத்தில் அதிகம் வராது. கடன் கொடுத்தவர்கள் மேல் இரக்கம் வரலாம், ஆனால் அவர்கள் தங்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும், தனி மனிதரோடு அல்ல, ஒரு கம்பெனியோடு வியாபாரம் செய்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியப்படுத்தப்பட்டிருந்தது என்கிற பொருளில் சொன்னார். பிராம்வெல்லின் சொல் அங்கே போர்டில் தன் வேலையைச் செய்துவிட்டது. எச்சரித்தாயிற்று. புரிந்துகொள்ளாதது உன் குற்றம். தோல் விற்ற வியாபாரிக்கு இது பொருந்தலாம். அந்தச் சொல்லை 'வரம்புக்கு உட்பட்டவர்கள்' என்று படித்த ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்று எனக்குப் புரியவில்லை.

இந்தியாவுக்கு இந்தச் சொல் எப்போது வந்தது? பிரிட்டனில் வந்த இரண்டே வருடத்தில், சிப்பாய்க் கலகம் நடந்த 1857-லேயே, இங்கும் சட்டம் போட்டுவிட்டார்கள். வங்கிகளுக்கு 1860-ல். நம் ஊரில் இரண்டு வகையையும் ஒரே மாதத்தில் பார்க்க வேண்டுமானால் 1906 அக்டோபருக்குப் போக வேண்டும்.

அந்த மாதம் தூத்துக்குடியில் வ.உ.சி. முயற்சியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியோடு மோதும் காரியம், தோற்க நிறைய வாய்ப்பு உண்டு. பங்குக்கு மேல் ஒரு காசு போகாது என்ற வரம்பு இருந்ததால்தான் வசதி குறைந்தவர்களையும் கூப்பிட முடிந்தது. அந்தச் சொல்லின் நல்ல பக்கம் இது. அதை மறைத்து எழுதினால் நியாயமாக இருக்காது. (கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டது. வ.உ.சி. தன் சொத்தையெல்லாம் இழந்ததற்குக் கம்பெனிச் சட்டம் காரணம் அல்ல, அது வேறு கதை.)

அதே அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் அர்பத்நாட் கம்பெனி மூடப்பட்டது. பெயரில் 'அண்ட் கோ' உண்டு, லிமிடெட் கிடையாது. சாதாரணக் கூட்டாண்மை. பெயர்பெற்ற வெள்ளைக்காரக் குடும்பம், நூறு வருடப் பாரம்பரியம் என்று நம்பிப் பணம் போட்டிருந்தவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்பே இல்லைதான். ஆனால் இல்லாத பணத்துக்கு அன்லிமிடெட் பொறுப்பு இருந்து என்ன செய்ய? சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. (கிளாஸ்கோவிலும் 18 மாதம். இதற்கு ஏதாவது விலைப்பட்டியல் வைத்திருப்பார்களோ!) அந்த வழக்கில் பணம் இழந்தவர்களுக்காக நின்ற வி. கிருஷ்ணசுவாமி ஐயரும் மற்றவர்களும் சேர்ந்து, நம்மவர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. 1907 ஆகஸ்ட் 15 அன்று அது கதவைத் திறந்தபோது போர்டில் இருந்தது 'இந்தியன் பேங்க் லிமிடெட்'. சென்னைவாசிக்கு அன்லிமிடெட் என்றால் மோசடி, லிமிடெட் என்றால் நாணயம் என்று மனதில் பதிய இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? கிளாஸ்கோவில் நடந்த அதே திருப்பம்.

1969-ல் தேசியமயமாக்கப்பட்ட அந்த வங்கியின் பெயரில் இன்று அந்தச் சொல் இல்லை. உங்கள் வீட்டுப் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். பொதுத்துறை வங்கிகளில் லிமிடெட் இருக்காது, ஸ்டேட் பேங்க்கில் இருக்காது, எல்.ஐ.சி.யில் இருக்காது. அவையெல்லாம் தனிச் சட்டத்தின் கீழ் நடப்பவை. தனியார் வங்கிகளின் பெயரில் இருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அரசாங்கத்தின் கை நேரடியாக இருக்கும் இடத்தில் 'லிமிடெட்' இல்லை என்பதை என் தாத்தாவின் மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள், எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது!

'பிரைவேட் லிமிடெட்' பிரிட்டனில் 1907 சட்டத்தில் பிறந்து, இங்கே 1913 சட்டத்தில் வந்த தம்பி. இன்று நடப்பில் இருக்கும் 2013-ஆம் வருடச் சட்டம் ஒரே ஆள் கம்பெனிக்கும் இடம் கொடுக்கிறது. சாலமன் மனைவி மக்களைத் தேடியிருக்கவே வேண்டாம். போர்டு விஷயத்தில் மட்டும் 1855-ன் கறார் இன்னும் அப்படியே இருக்கிறது. பெயரின் கடைசிச் சொல் லிமிடெட் அல்லது பிரைவேட் லிமிடெட். அலுவலகத்துக்கு வெளியே எழுதி வைக்க வேண்டும், உள்ளூர் மொழி எழுத்திலும். மீறினால் நாளுக்கு ஆயிரம் ரூபாய். பதிவு செய்யாமல் அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டால் நாளுக்கு 500 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். எச்சரிக்கைப் பலகையைத் திருட்டுத்தனமாக மாட்டிக்கொள்வதற்கு அபராதம் போட வேண்டிய நிலை வந்திருக்கிறதென்றால், அது எச்சரிக்கையாக இல்லை என்றுதானே அர்த்தம்?

உள்ளூர் மொழி எழுத்து என்றேன் அல்லவா? அங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். எழுத்து தமிழ், சொல் ஆங்கிலம். 'லிமிடெட்', 'லிட்.', '(பி) லிட்.' என்று எழுதிவிட்டால் சட்டம் திருப்தி. பள்ளியில் தமிழ்வழியில் வணிகவியல் படித்தவர்களுக்கு 'வரையறு பொறுப்பு' என்ற சொல் ஞாபகம் இருக்கும். அதில் அந்தத் தொலைந்துபோன பெயர்ச்சொல் பத்திரமாக இருக்கிறது. பொறுப்பு! கடைத்தெரு போர்டில் 'பொறுப்பு வரையறுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால் ஒரு தமிழாசிரியர் இரண்டு நிமிடமாவது வாசலில் நின்று யோசித்திருப்பார். யாருடைய பொறுப்பு என்று உள்ளே போய்க் கேட்டிருந்தாலும் கேட்டிருப்பார்.

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் இப்படி மூடப்பட்ட நிதி நிறுவனங்கள் கொஞ்சநஞ்சம் அல்ல. அதன் விளைவாக 1997-ல் மாநில அரசு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதில் முக்கியமான ஒன்று, நிறுவனத்தின் சொத்து போதவில்லை என்றால் அதைத் தொடங்கியவர்கள், இயக்குநர்கள், கூட்டாளிகள் ஆகியோரின் சொத்தையும் முடக்கலாம் என்பது. அதாவது பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கி ஏமாற்றினால் போர்டில் உள்ள அந்தச் சொல் உன்னைக் காப்பாற்றாது. சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2011-ல் செல்லும் என்று தீர்ப்பானது. பிராம்வெல் இருந்திருந்தால் இதை ஏற்றிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நான் ஏற்கிறேன்.

தாத்தாவுக்குப் போட்டதில் ஒரு சிறு பகுதி பல வருடம் கழித்துத் திரும்பி வந்தது. அதற்கு ஒரு பிரதியும் வைக்காமல் அசல் ரசீதைக் கொடுக்க மனமில்லாமல், நகல் எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறார். போன விடுமுறையில் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேலே கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில், கூடவே ஒரு குத்துவிளக்குப் படம். கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப். 'ஃபார்' என்று தொடங்கி, பெயர் வந்து, கடைசியில் 'லிமிடெட்'. அதற்குக் கீழே 'டைரக்டர்'. அந்த 'ஃபார்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று தாத்தா கேட்டார். கையெழுத்துப் போட்டது அந்த ஆள்தான், ஆனால் கடன்பட்டது அந்த ஆள் இல்லை என்று அர்த்தம் தாத்தா என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி ஒரு தடவை ஸ்டாம்பைப் படித்தார்.